ஒடியல் மாவுக்குக் குத்தின பச்சை முத்திரை

எங்கடை ஊர் இறுப்பிட்டியிலை மழை பெய்தால் நான் முற்றத்தைப் பாக்கிறேல்லை, போனைத்தான் பாக்கிறனான். கொடியிலை காஞ்ச உடுப்பை இழுத்துக்கொண்டு நனைஞ்சு நனைஞ்சு ஓடேக்கை, "இறுப்பிட்டியில் மழை: ஆராயப்படுகிறது" எண்டு மஞ்சள் முத்திரையோடை ஒரு செய்தி வந்து விழும். நான் குசினிக்கை வந்து, தலையைத் துடைச்சு, தேத்தண்ணி வைச்சுக் குடிச்சு முடிய அது பச்சையாய் மாறும். பச்சை எண்டால் உண்மை. அதுக்குப் பிறகுதான் மழை பெய்ததெண்டு கணக்கு.

இந்த முத்திரை குத்திற ஆக்களுக்கு உண்மை அறியும் குழு எண்டு பேர். கனடாவிலை ஒருத்தர், லண்டனிலை ஒருத்தர், பிரான்சிலை ஒருத்தர். மூண்டு பேரும் எங்கடை ஊரிலை பிறந்தவை, மூண்டு பேரும் இஞ்சை பெரிய வீடு கட்டிப் பூட்டி வைச்சிருக்கினம். ஊர் ஆக்களின்ரை போன் குழுவிலை பொய்ச் செய்தி கூடிப்போச்செண்டு சொல்லித்தான் இந்தக் குழுவைத் துவங்கினவை. அதிலை ஒரு நியாயம் இருந்தது, இல்லையெண்டு சொல்ல ஏலாது. குறிகட்டுவான் இறங்குதுறையடியிலை திமிங்கிலம் ஒதுங்கிக் கிடக்கெண்டு ஒருத்தர் படம் போட, பாதி ஊர் சைக்கிளிலை போய்ப் பாத்துப்போட்டு வந்தது. அங்கை கிடந்தது ஒரு கிழிஞ்ச வலை மட்டும்தான்.

குழுவின்ரை விதி நல்ல விதி. ஒரு செய்தி வந்தால், ஒருத்தரை ஒருத்தர் கேளாமல், மூண்டு பேரும் ஊரிலை இருக்கிற தங்கடை தங்கடை ஆளிட்டை விசாரிக்கோணும். மூண்டு பேரும் ஒண்டையே சொன்னால் பச்சை. மறுத்தால் சிவப்பு. இழுபறி எண்டால் மஞ்சள். ஆரிட்டை விசாரிச்சதெண்டு ஒருத்தருக்கும் சொல்லமாட்டினம், தங்களுக்குள்ளையும் சொல்லமாட்டினம். மூலத்தின்ரை பாதுகாப்பாம்.

நான் ஊர்காவற்றுறையிலை ஒரு அரசாங்கக் கந்தோரிலை பென்சன் எடுக்கிறவரைக்கும் பெட்டிசம், அதுதான் முறைப்பாட்டுக் கடிதம், வாசிச்ச ஆள். எங்கடை தீவுப் பகுதியிலை சோறு சமைக்க மறந்தாலும் பெட்டிசம் எழுத மறக்கமாட்டினம். "ஊர் மக்கள்" எண்டு அடியிலை ஒரு கூட்டம் கையொப்பம் இருக்கும், எல்லாம் ஒரே பேனை, ஒரே சாய்வு, ஒரே எழுத்து. ஊர் மக்கள் எல்லாரும் ஒரே கதிரையிலை இருந்து எழுதினவை. அதை மேலதிகாரியிட்டைக் காட்டினால், "எத்தினை பேர் கையொப்பம் வைச்சிருக்கினம் பாரும்" எண்டுவார். அப்ப துவங்கினது எனக்கு உந்தக் கோவம்.

என்ரை வேலிக்கு அங்காலை ஒரு பெண் இருந்தவ. என்னைவிட வயது குறைஞ்சவ. புருசன் இல்லை, ஒரே மகள், அவள் யாழ்ப்பாணத்திலை தாதிப் படிப்புப் படிக்கிறாள். பனங்கிழங்கைக் கிண்டி, கிழிச்சு, வெயிலிலை காயவிட்டால் ஒடியல். அதை இடிச்சு அரிச்சால் ஒடியல் மா, கூழுக்கும் பிட்டுக்கும். அந்த மாவை வடிவாய்ப் பைக்கற் பண்ணி யாழ்ப்பாணத்துக் கடையொண்டுக்குக் குடுப்பா, அங்கையிருந்து வெளிநாட்டுக்குப் போகும். அவவின்ரை சோறும் மகளின்ரை படிப்பும் அந்த மாவிலைதான் நிண்டது.

கனடாவிலை இருக்கிற வேறையொரு ஊர்க்காரர் அந்த மாவிலை கூழ் காய்ச்சிக் குடிச்சிருக்கிறார். பனி கொட்டுற நாளிலை, ஐசிலை கிடந்த நண்டைப் போட்டு, சளி பிடிச்ச மூக்கோடை. சின்ன வயசிலை குடிச்ச ருசி வரேல்லையாம். மனுசன் மூக்கைச் சந்தேகிக்கேல்லை, நண்டைச் சந்தேகிக்கேல்லை, மாவைச் சந்தேகிச்சார். "ஒடியல் மாவுக்கை கோதுமை மா கலக்கினமோ தெரியாது" எண்டு ஊர்ப் போன் குழுவிலை போட்டார். பின்னேரம் மஞ்சள் விழுந்தது, அடுத்த நாள் பச்சை. "ஒடியல் மாவில் கோதுமை மா கலப்படம்: உண்மை. மூன்று சுயாதீன மூலங்கள் உறுதிப்படுத்தின."

அந்தக் கிழமையே கடைக்காரர் மாவைத் திருப்பி அனுப்பிப்போட்டார். பைக்கற் எல்லாம் மூட்டையாய் வந்து அவவின்ரை விறாந்தையிலை கிடந்தது.

அவ வேலியடிக்கு வந்தா. "அக்கா, நான் கலக்கினனானோ?" எண்டு கேட்டா.

"நீர் கலக்கினீரோ இல்லையோ எண்டு என்னட்டை ஏன் கேக்கிறீர்?"

"மூண்டு பேர் கண்டவையாம் அக்கா. எனக்கே இப்ப சந்தேகமாய்க் கிடக்கு."

எனக்கு வந்த விசருக்கு, வேலிக் கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடியே போனை எடுத்து உண்மை அறியும் குழுவுக்கு ஒரு வொய்ஸ் அனுப்பினன். "கோதுமை மா விக்கிற விலை உங்களுக்குத் தெரியுமோ? பனங்கிழங்கு அவவின்ரை வளவிலை சும்மா விளையுது. அவ கலக்கிறதெண்டால் கோதுமை மாவுக்கைதான் ஒடியல் மாவைக் கலக்கோணும். ஊரிலை ஆரைக் கேட்டனீங்கள்? கிணத்துக் கட்டையோ கேட்டனீங்கள்?" பேந்தும் கொஞ்சம் சொன்னனான், அதை எழுதுறது வடிவில்லை.

அடுத்த நாள் கனடாக்காரர் எடுத்தார். நான் ஏச்சுக்கு ஆயத்தமாய் இருந்தன். அவர் அப்பிடிக் குளிர்ச்சியாய்க் கதைச்சார். "அக்கா, நாங்கள் விமர்சனத்தை வரவேற்கிற ஆக்கள். வேறை ஊர்ச் சங்கங்களும் எங்களைப்போலை குழு துவங்கப்போகினம். அதுக்கு முதல் எங்கடை நம்பகத்தன்மையை, பக்கச்சார்பை, ஒரு சுயாதீனமான ஆள் மதிப்பீடு செய்யோணும். நீங்கள் பெட்டிசம் பாத்த கை. நீங்கள்தான் சரியான ஆள்."

"தம்பி, நான் அவவின்ரை அயல். எனக்கே பக்கச்சார்பு இருக்கும்."

"இல்லையக்கா. நீங்கள் இரண்டு பேரும் கதைபேச்சு இல்லையெண்டு எங்களுக்குத் தெரியும். அதையும் பாத்துத்தான் உங்களைத் தெரிவு செய்தனாங்கள். மூண்டு மூலம் உறுதிப்படுத்தினது."

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவவின்ரை ஆடு என்ரை கத்தரியைத் தின்னும், நான் வேலியாலை ஏசுவன், அவ திருப்பி ஏசுவா, பேந்து அதே வேலியாலை கறி வாங்கிக் குடுத்துக்கொள்ளுவம். ஒவ்வொரு நாளும் இது நடக்கும். கதையில்லாத ஆக்கள் எப்பிடியெணை சண்டை பிடிக்கிறது? ஆனால் நான் வாயைத் திறக்கேல்லை. அந்தப் பச்சையை எடுக்கிறதுக்கு இதைவிட்டால் வழியில்லை எண்டு நினைச்சன். ஒப்புக்கொண்டன்.

லண்டன்காரர் மதிப்பிடுற முறையை அனுப்பினார். அங்கத்தைய ஆக்கள் பாவிக்கிற அளவுகோலாம். நடுவிலை ஒரு கோடு, ஒரு பக்கம் இடதுசாரி, மற்றப் பக்கம் வலதுசாரி. எங்கடை ஊரிலை இடது, வலது எண்டால் கோயிலுக்கு முன்னாலை நிண்டு பாக்கேக்கை இடதுகைப் பக்கத்து ஆக்கள், வலதுகைப் பக்கத்து ஆக்கள். திருவிழாவிலை ஆர் முதல் வடம் பிடிக்கிறதெண்டு எனக்கு விபரம் தெரிஞ்ச நாளிலை இருந்து சண்டை. சரி, அப்பிடியே அளப்பம் எண்டு போட்டு, பழைய முத்திரை எல்லாத்தையும் ஒவ்வொண்டாய்ப் பாத்தன்.

அளவுகோல் சோக்காய் வேலை செய்தது. வலதுகைப் பக்கத்து ஆக்களைப் பற்றி ஏதும் கூடாத கதை வந்தால் அண்டைக்கே பச்சை. இடதுகைப் பக்கத்து ஆக்களைப் பற்றி வந்தால் மஞ்சள், பேந்தும் மஞ்சள், மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி விட்ட மாதிரிக் கிடக்கும். கனடாக்காரரின்ரை சித்தப்பா கோயில் காணிக்குள்ளை வேலி போட்டது ஊருக்கே தெரியும், நான் கண்ணாலை பாத்தனான், அது இன்னும் ஆராயப்படுது. மூண்டு பேரும் இடதுகைப் பக்கம். நானும் அவவும் வலது. இதைக் கண்டுபிடிக்கப் பெட்டிசம் பாத்த கை தேவையில்லை.

ஆனால் ஆரிட்டைக் கேட்டு எழுதுகினம் எண்டதுதான் எனக்குத் தெரியவேணும். பேர் சொல்லமாட்டம் எண்டு மூண்டு பேரும் ஒற்றைக் காலிலை நிண்டினம். கடைசியிலை, தங்கடை ஆள் ஊரிலைதான் நிண்டு கதைக்கிறார் எண்டதுக்கு அத்தாட்சியாய் ஆளுக்கொரு வீடியோத் துண்டு அனுப்பிச்சினம். ஆளின்ரை முகம் தெரியாது. ஒண்டிலை கறுத்தக்கொழும்பான் மாமரமும் பச்சைக் கேற்றும். மற்றதிலை மாபிள் பதிச்ச விறாந்தை. மூண்டாவதிலை கிணறும் தண்ணி மோட்டரும். எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வீடுகள், மூண்டு பேரும் கட்டிப் பூட்டின வீடுகள்தான். அங்கை ஆர் இருந்து சாட்சி சொல்லுகினம் எண்டு பாப்பம் எண்டு வெயில் ஏற முதல் வெளிக்கிட்டன்.

பச்சைக் கேற் வீட்டுக்கை ஒருத்தர் குறோட்டன்களுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்டார். ஊரிலை எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள், வெளிநாட்டு ஆக்களின்ரை வீடு பாக்கிறவர். இடுப்பிலை எல்லா வீட்டுச் சாவியும் சேர்ந்த ஒரு பெரிய திறப்புக் கோர்வை தொங்கும், அவர் வாறதுக்கு முதல் திறப்புச் சத்தம் வரும்.

"இஞ்சை ஆர் தம்பி இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையக்கா. நான்தான் பாக்கிறன்."

சரியெண்டு மாபிள் வீட்டுக்குப் போனன். பூட்டிக்கிடந்தது. எதிரிலை மதகிலை இருந்து களைப்பாறேக்கை திறப்புச் சத்தம் கேட்டுது. அதே ஆள், மோட்டச்சைக்கிளிலை. "அக்கா, இஞ்சையும் வந்திட்டியள்?" எண்டார். எனக்கு அப்பவே விளங்கிப்போச்சு. மூண்டாவது வீட்டுக்கு நான் நடக்கேல்லை, அவரின்ரை மோட்டச்சைக்கிளிலையே பின்னாலை ஏறிப் போனன்.

கிணத்தடி வீட்டு யன்னலுக்கை ஒரு போன் சார்ச்சிலை கிடந்து அடிச்சுது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன்ரை வீட்டுக்கெண்டு ஒரு போன் அனுப்பி வைச்சிருக்கினம். ஓடிப்போய் எடுத்து, முகத்தைக் காட்டாமல் சுவரைக் காட்டினார். அவைக்குச் சுவர்தான் வேணும். லண்டன்காரரின்ரை குரல் கேட்டுது.

"ஓம் ஐயா. ஓம். மோட்டர் ஓடுது. ஓம், தேங்காய்க்கு ஆக்கள் வாறேல்லை. ஓம்."

"ஊருக்கு பஸ் வாறதை நிப்பாட்டிப் போட்டாங்களாம், மெய்யோ?"

"ஓம்" எண்டார். யாழ்ப்பாணம் போற பஸ் கோன் அடிச்சுக்கொண்டு படலையைத் தாண்டிப் போச்சுது. அண்டைக்குப் பின்னேரம் அதுக்கும் பச்சை விழுந்தது.

வேலிக்கு ஓணான் சாட்சி எண்டு சொல்லுவினம். இஞ்சை மூண்டு வேலிக்கும் ஒரே ஓணான்.

"ஏன் தம்பி உப்பிடிச் சொல்லுறீர்?" எண்டு கேட்டன். ஏசத்தான் நினைச்சன், ஆனால் மனுசன்ரை முகத்தைப் பாக்க ஏலாமல் போச்சு.

"அக்கா, அவை கேக்கேக்கையே மறுமொழியையும் சேர்த்துத்தான் கேக்கினம். இல்லையெண்டால் பேந்து அதுக்கு விளக்கம் குடுக்கோணும். அங்காலை மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும், தண்ணி வீணாய்ப் போகும். ஓமெண்டால் வைச்சிடுவினம்."

"அந்த ஒடியல் மா?"

"அவ சங்கக்கடையிலை கோதுமை மா வேண்டினதைக் கண்டனான்தானே அக்கா."

"அது ரொட்டி சுட."

"அதை அவை கேக்கேல்லை."

மூண்டு வீட்டையும் ஒரே ஆள்தான் பாக்கிறதெண்டு அவைக்குத் தெரியாதோ எண்டு கேட்டன். அவர் பயந்துபோனார். "ஐயோ அக்கா, சொல்லிப்போடாதேங்கோ. ஒவ்வொருத்தரும் தன்ரை வீட்டுக்கு மட்டும்தான் நான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். மற்றாளின்ரை வீட்டையும் பாக்கிறன் எண்டால் கோவிச்சுப் போடுவினம்." அது உண்மை. எங்கடை ஆக்கள் உண்மையைப் பங்கு போட்டாலும் போடுவினம், வீடு பாக்கிற ஆளைப் பங்கு போடமாட்டினம்.

நான் அவரைக் காட்டிக்குடுக்கேல்லை. "மூன்று மூலங்களும் ஒரே ஆள்" எண்டு மட்டும் மதிப்பீட்டிலை எழுதி அனுப்பினன். வீடியோவிலை கூட்டம் வைச்சினம். கனடாக்காரர்தான் முதல் சொன்னார், "அப்பிடியெண்டால் இவை இரண்டு பேரின்ரை மூலம்தான் பிழை. என்ரை ஆள் தங்கமான ஆள்." லண்டன்காரர், தன்ரை ஆள் தகப்பன் காலத்திலை இருந்து தெரிஞ்சவர், மற்றவைதான் அவரைப் பாத்துக் கொப்பி அடிக்கினம் எண்டார். பிரான்ஸ்காரர் தன்ரை ஆள் கோயிலுக்கு விளக்கு வைக்கிறவர், பொய் சொல்லமாட்டார் எண்டார். மூண்டு பேரும் ஒரே மனுசனுக்காக ஒருத்தரோடை ஒருத்தர் சண்டை பிடிச்சினம்.

கடைசியிலை ஒரு முடிவுக்கு வந்தினம். விதி எண்டால் விதி, என்ரை மதிப்பீடும் ஒரு செய்திதான், அதையும் ஆராயோணும். ஆளாளுக்குத் தங்கடை தங்கடை ஆளுக்குப் போன் எடுத்து, "நீர் எனக்கு மட்டும்தானே?" எண்டு கேட்டிருக்கினம். அவரும் வழமைபோலை ஓமெண்டிருக்கிறார். அடுத்த நாள் வந்தது: "மூன்று மூலங்களும் ஒருவரே எனும் தகவல்: பொய். மூன்று சுயாதீன மூலங்கள் உறுதிப்படுத்தின." சிவப்பு. அதுக்குக் கீழை, குழுவின்ரை பேரோடை ஒரு புது வரி சேர்ந்திருந்தது: "சுயாதீன மதிப்பீட்டுக்கு உட்பட்டது." அந்தச் சுயாதீனம் நான்தான்.

எனக்கு என்ரை மானம் பெரிசில்லை. நான் கனடாக்காரருக்குப் போன் எடுத்துக் கெஞ்சினன். நான் ஒருத்தரிட்டையும் கெஞ்சாத ஆள். "தம்பி, எல்லாத்தையும் விடும். அந்த மாவுக்குக் குத்தினதை மட்டும் எடும். அவவுக்கு அதைவிட்டால் ஒண்டும் இல்லை." மூலங்கள் 'கலக்கேல்லை' எண்டு சொன்னால் எடுக்கலாம் எண்டார். நான் திறப்புக்காரரைத் தேடிப்போய்ச் சொன்னன், ஒருக்கால், வாழ்க்கையிலை ஒரே ஒருக்கால் இல்லையெண்டு சொல்லும் எண்டு. மனுசன் கண் கலங்கித் தலையாட்டினார். கலக்கேல்லை, கலக்கேல்லை எண்டு எனக்கு முன்னாலை சொல்லியும் பாத்தார்.

இரண்டு நாள் கழிச்சுப் படலையிலை திறப்புச் சத்தம் கேட்டுது. உள்ளுக்கு வரேல்லை, வெளியிலை நிண்டார். "அக்கா, 'நாங்கள் போட்டது சரிதானே, அதிலை பிழையொண்டும் இல்லைத்தானே' எண்டு கேட்டவை. வாய் பழகிப்போச்சக்கா." அவருக்கு ஏசி என்ன செய்யிறது? பேந்தும் கொஞ்ச நேரம் நிண்டுபோட்டுப் போயிட்டார்.

அவ ஆடுகளை வித்தா. யாழ்ப்பாணத்திலை ஒரு விடுதிக் குசினியிலை சமையல் வேலை, அங்கையே படுக்கலாம், மகளுக்கும் கிட்ட. போற அண்டைக்கு மிஞ்சின ஒடியல் மாவை எனக்குத் தந்தா. வீட்டுத் திறப்பை என்னட்டைத் தருவா எண்டு கையை நீட்டினன்.

"இல்லையக்கா, அதை அந்த வீடு பாக்கிறவரிட்டைக் குடுத்திட்டன். உங்களுக்குக் கால் ஏலாது. வீட்டை அடிக்கடி திறந்து காத்து விடவேணும். ஊரிலை வேறை ஆர் இருக்கினம்?"

"அவரிட்டையோ?" எண்டன். குரல் எனக்கே பிடிக்கேல்லை.

"அவர் பாவம் அக்கா. அவருக்கும் சோறு வேணும்தானே. மகள் தன்ரை பழைய போனை வீட்டிலை விட்டிருக்கிறாள், வீட்டைப் பாக்கோணும்போலை இருந்தால் எடுக்கலாம் எண்டு. நம்பரை ஊர்ப் போன் குழுவிலையும் போட்டு விட்டவள், வீட்டைப் பற்றி ஆரும் கேக்கிறதெண்டால் கேக்கட்டும் எண்டு."

பஸ் வந்தது. நிப்பாட்டினதெண்டு பச்சை குத்தின அதே பஸ். அவ ஏறிப் போனா.

கொஞ்ச நாளாலை ஊர்ப் போன் குழுவிலை ஆரோ கேட்டினம், பாவம் அந்தப் பெண் முத்திரையாலைதானே ஊரை விட்டுப் போனது எண்டு. மஞ்சள் விழுந்தது. நான் பாத்துக்கொண்டே இருந்தன். பேந்து சிவப்பு. "குழுவின் முத்திரையால் பெண் ஊரை விட்டு வெளியேறினார் எனும் தகவல்: பொய். நான்கு சுயாதீன மூலங்கள் உறுதிப்படுத்தின. எமது வலையமைப்பு விரிவடைகிறது." முதல் தரமாய் அத்தாட்சி வீடியோவும் போட்டிருந்தினம். முகம் இல்லை, சுவர்தான். அவவின்ரை குசினிச் சுவர், புகை பிடிச்சது, மகள் சின்னனிலை கரியாலை கீறின பூ அதிலை இன்னும் இருந்தது. ஒடியல் காயப்போடுற பாய் சுருட்டி மூலையிலை சாத்திக் கிடந்தது. பின்னாலை ஒரு குரல், "மகளோடை இருக்க ஆசைப்பட்டுப் போனவதானே?" எண்டு. மற்றக் குரல், "ஓம்."

நான் போனை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டுப் பின்வளவுக்குப் போனன். கத்தரி இந்தமுறை நல்லாய்க் காய்ச்சுக் கிடக்கு. ஒரு இலை கடிபடேல்லை. நான் வேலியடியிலை நிண்டு, ஏசுறதுக்கு அங்காலை ஆரும் இருக்கினமோ எண்டு கன நேரம் பாத்தன்.